கொறங்காட்டில் அமர்ந்தது பெஸ்ராவா, வைரியா?

கொறங்காட்டான்:
பறவை பார்ப்போருக்கான இந்த இணையக் களத்தில் 'ஆனைமலை அடிவாரம்' என்ற பெயரில் எழுதும் அன்பர், காங்கேயத்துக்கு மேற்கே ஒரு கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல மரத்தில் அமர்ந்திருந்த சிறு வேட்டைப் பறவையின் படத்தை நேற்று வெளியிட்டு, அது மலைக்காட்டு வேட்டைப் பறவையான பெஸ்ரா என்று அறிவித்திருக்கிறார். தொண்டையின் நடுவே கருங்கோடு ஓடுகிறது என்பது மட்டுமே அவர் காட்டிய சான்று. அதற்குள் பலர் வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. அது நம் ஊர்ப்பக்கத்து வேட்டைப் பறவையான வைரி, அதிலும் இளம் வைரி. வளர்ந்த வைரியின் மார்பில் மெல்லிய செம்பழுப்புக் குறுக்குவரிகள் இருக்கும். இந்தப் படத்திலோ துளித் துளியாக இறங்கும் பழுப்புத் தீற்றல்கள்தாம் இருக்கின்றன. வளர்ந்த பறவைக்குத் தொண்டைக் கோடு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், இளம் பறவைக்கு அதே கோடு நன்றாகவே தெரியும். கோடு தெரிந்த மாத்திரத்தில் பெஸ்ரா என்று எழுதுவதானால், நம் தோட்டங்காடுகளில் கூட்டை விட்டு இறங்கும் வைரிக் குஞ்சுகள் அத்தனையும் பெஸ்ரா ஆகிவிடும்.

ஆனைமலை அடிவாரம்:
மங்கிய கோடு எது, அழுத்தமான கோடு எது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டாப்ஸ்லிப்பிலும் வால்பாறைச் சோலைகளிலும் பெஸ்ராவை நேரில் பார்த்துப் பழகியவன் நான். என் படத்தில் இருக்கும் கோடு கரிக்கட்டையால் இழுத்தது போல மோவாயிலிருந்து மார்பு வரை இறங்குகிறது. இளம் வைரிக்கு அவ்வளவு அகலமான கோடு வராது. கொறங்காட்டை விட்டு மலை ஏறாதவர்கள் மலைப் பறவையைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதுதான் வேடிக்கை.

கொறங்காட்டான்:
மலை ஏறியவருக்குப் பெஸ்ரா எங்கே வாழும் என்பது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், தம்பி. அது அடர்ந்த மலைக்காட்டுப் பறவை. மரங்களின் இடுக்கில் வளைந்து பறந்து சிறு பறவைகளைப் பிடிப்பதற்கு ஏற்ற உடம்பு அதற்கு. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் இருக்கிற திறந்த மேய்ச்சல் நிலத்தில், ஓணானையும் எலியையும் அணிலையும் பிடித்துத் தின்று பிழைப்பது வைரி. படத்தில் காலை உற்றுப் பாருங்கள்: விரல்கள் குட்டையாகத் தடித்திருக்கின்றன. பெஸ்ராவின் கால் மெலிந்து குச்சியாக இருக்கும், நடுவிரல் தனியாக நீண்டிருக்கும். வாலிலும் பெஸ்ராவுக்குக் கரும்பட்டையும் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். இங்கே தெரிகிற பட்டைகள் ஒடுக்கமானவை. காலும் வாலும் இடமும் மூன்றும் வைரி என்று சொல்லும்போது தொண்டையை மட்டும் பிடித்துத் தொங்குவது என்ன நியாயம்?

ஆனைமலை அடிவாரம்:
முதலில், என்னைத் தம்பி என்று அழைக்கும் உரிமையை உங்களுக்கு யாரும் தரவில்லை. இரண்டாவது, வாலின் பாதியைக் கிளை மறைக்கிறது, விரல்கள் மரப்பட்டையின் பிளவுக்குள் இருக்கின்றன. முழுதாகத் தெரிவது தொண்டை ஒன்றுதான். தெரிவதை விட்டுவிட்டுத் தெரியாததை வைத்து வாதாடுகிறீர்கள். பறவைக்கு இறக்கை உண்டு. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்க அது உங்களிடம் அனுமதி கேட்காது.

நொய்யல் கரை:
இருவரும் சற்றுப் பொறுங்கள். சூலூர்க் குளத்தருகே அக்காக்குயிலை வைரி என்று எழுதியவர்களும் இதே களத்தில்தான் இருக்கிறார்கள். அதன் சாம்பல் முதுகும் வரியோடிய வாலும் பறக்கும் விதமும் வைரியையே ஒத்திருப்பதால், தவிட்டுக்குருவிகளே ஏமாந்து கத்துகின்றன. அந்தத் தவிட்டுக்குருவிகளின் கூட்டில்தான் அக்காக்குயில் முட்டையிடுகிறது. ஆனால் அதன் அலகு கொக்கியாக வளைந்திராது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். படத்தில் இருப்பது அக்காக்குயில் இல்லை என்பதையாவது இருவரும் ஒப்புக்கொள்கிறீர்களா? அந்த இடத்தில் குரல் ஏதும் கேட்டதா?

ஆனைமலை அடிவாரம்:
அக்காக்குயில் என்று நான் எங்கே சொன்னேன்? குரல் கேட்டது, கூர்மையாகக் கேட்டது.

கொறங்காட்டான்:
குரலையும் சான்றாகக் கொண்டுவந்துவிட்டார். கரிச்சான் வைரியின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும் என்பது ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்கும் தெரியும். கொறங்காட்டு வேலியில் கரிச்சான் இல்லாத இடம் எது? நான் கேட்பது தொண்டையைப் பற்றி. இரை தின்று தொண்டைப் பை புடைத்திருக்கும்போது இறகுகள் விலகி, கோடு அகன்று தெரியும். உங்கள் படத்தில் பை புடைத்திருப்பது கண்கூடு. அதற்கு இதுவரை ஒரு வரி பதில் இல்லை.

தோப்புக்காரர்:
பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவன் நான். ஆனைமலை அடிவாரத்துக்காரர் போன ஆண்டு எங்கள் ஊர்த் தோப்பில் பார்த்ததாகச் சொன்ன 'பெரிய பொன்முதுகு மரங்கொத்தி' விவகாரமும் இப்படித்தான் தொடங்கியது. தென்னையில் அன்றாடம் ஏறுவது சாதாரணப் பொன்முதுகு மரங்கொத்தி. அதன் தொண்டை கறுத்து, வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும்; வாலுக்கு மேலே இடுப்பும் கறுப்பு. பெரியதற்கு இடுப்பு சிவப்பு, கண் வெளிறியது, கன்னத்தில் இறங்கும் கருங்கோடு இரண்டாகப் பிரிந்து நடுவே வெள்ளையைக் காட்டும். அன்றைக்கும் இவர் ஒரு கோட்டைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனைமலை அடிவாரம்:
அந்த மரங்கொத்திக்குக் கன்னக்கோடு பிரிந்துதான் இருந்தது. இடுப்பை இறக்கை மூடியிருந்தது. இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். காய்ந்த தென்னையில் மரங்கொத்தி பொந்து வைத்தாலே மரத்தை வெட்டிச் சாய்க்கிறவர்கள் அதன் இடுப்பைப் பற்றிப் பேசுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

தோப்புக்காரர்:
என் தோப்பில் எந்த மரத்தை வெட்டுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பொந்து வைத்த பட்டமரத்தை நான் நிறுத்தியே வைத்திருக்கிறேன், வந்து பார்க்கலாம். மரங்கொத்திக்குப் பின் அந்தப் பொந்தில் மைனா குடியேறியிருக்கிறது.

நொய்யல் கரை:
பேச்சு வைரியை விட்டு விலகிப் போகிறது.

கொறங்காட்டான்:
விலகவில்லை. இரண்டும் ஒரே நோய். கால் விரலை எண்ணாமல், இடுப்பைப் பார்க்காமல், வாலை அளக்காமல், கண்ணுக்கு முதலில் பட்ட ஒரு கோட்டை வைத்து அரிய பறவைக்குப் பெயர் சூட்டுகிற நோய். இந்தப் பதிவு அப்படியே நின்றுவிட்டால், நாளைக்குச் சென்னிமலைக் காட்டிலும் வெள்ளோட்டுக் குளத்தங்கரையிலும் பெஸ்ரா என்று வேறு நான்கு பேர் எழுதுவார்கள். ஊர்ப் பறவைப் பட்டியலில் ஒரு பொய்ப் பெயர் ஏறினால் அதை இறக்குவது எவ்வளவு பாடு என்பது பட்டியல் தொகுத்தவர்களுக்குத் தெரியும். வெட்டிச் சுருக்காத மூலப்படத்தைப் போடுங்கள். விரல் தெரிகிறதா இல்லையா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

ஆனைமலை அடிவாரம்:
போன ஆண்டு மூலப்படம் போட்டபோது அதில் கறுப்பு இடுப்பு தெரிகிறது என்று இல்லாததைச் சொன்னவர் நீங்கள். ஆகவே போட மாட்டேன். தொண்டைக் கோடு கறுப்பு, அகலமானது, முழு நீளமானது. பெஸ்ராதான்.

கொறங்காட்டான்:
இளம் வைரிக்கும் தொண்டைக் கோடு உண்டு. தொண்டைப் பை புடைத்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.