கடற்கரையில் கேம்பர்வேன் ஓனிங்: காற்றுக்கு எப்படிக் கட்டுவது?

தெலுக்_ஆயர்_தாவார் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வண்டி டொயோட்டா ஹையேஸ் வேன், உள்ளே தங்கிப் பயணம் போகும் கேம்பர்வேன். இடப்பக்கத்தில் 3 மீட்டர் நீளச் சுருள் ஓனிங் (இழுத்து விரிக்கும் நிழல்துணி), முழுதாக விரித்தால் 2.5 மீட்டர் வெளியே வரும். பிவிசி துணி, இரண்டு கால், இரண்டு மடக்குக் கை. பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த் பக்கம் ரொபினா கடற்கரை மணலில் அதிகம் விரிக்கிறோம். பினாங்குத் தீவுக்குப் போனால் பாலிக் புலாவ் பக்கம் புல்தரை. சில இடங்களில் தார் போட்ட நிறுத்துமிடம்தான் கிடைக்கிறது.

ஓனிங்கோடு வந்த முளை 20 செ.மீ. மெல்லிய கம்பி. மணலில் இரண்டு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடுகிறது. மாலைக் கடல்காற்றுக்கே துணியின் வெளி ஓரத்து முன்சட்டம் ஒரு சாண் எழும்பி எழும்பி விழுகிறது. கயிறு கூட்டுவதா, கனமாக ஏதாவது தொங்கவிடுவதா? ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் லோரி ராட்செட் பெல்ட்டை (பிடியை அடித்து இறுக்கும் பட்டை) போட்டு இறுக்கலாமா?

வடமேற்கு

எவ்வளவு பலத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் துணி 7.5 சதுர மீட்டர். மணிக்கு 36 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ அழுத்தம் தரும். முழுத் துணிக்கும் 45 கிலோ. அதில் பாதியை வண்டி தாங்கிக்கொள்ளும், மீதி முன்சட்டத்தில் வரும், மூலைக்கு 11, 12 கிலோ. காற்று 72 ஆனால் நான்கு மடங்கு: துணிக்கு 185 கிலோ, மூலைக்கு 46 கிலோ. இதுவும் சீராக வீசும் காற்றுக்கான கணக்குதான். விட்டு விட்டு வீசும்போது சட்டம் எழும்பும், தளர்ந்த கயிறு வெடுக்கென்று இறுகும். அந்த வெட்டு இழுப்பு இதற்கும் மேலே போகும். முளை பிடுங்கிக்கொள்வதும் மடக்குக் கையின் மூட்டு கோணுவதும் அந்த நொடியில்தான்.

ஆகவே எழும்பவே விடக்கூடாது. முன்சட்டத்தை வண்டிப் பக்கத்தைவிட 40, 50 செ.மீ. தாழ்த்துங்கள். தலை முட்டாமல் நிற்க வேண்டும் என்று பலர் மட்டமாக விரிக்கிறார்கள். மட்டமாக இருந்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும். முன்புறம் தாழ்ந்திருந்தால் எதிர்க்காற்று மேலே ஏறித் துணியைக் கீழே அழுத்தும். ஒரு மூலையை இன்னும் 20 செ.மீ. இறக்கிவிட்டால் மழைத்தண்ணீரும் வழிந்துவிடும். தண்ணீர் தேங்குவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், இந்தத் துணியில் 1 செ.மீ. நின்றாலே 75 கிலோ.

அடுத்தது படபடப்பு. முழுதும் விரித்த பிறகும் துணியை விரிக்கும் சுழல்கோலை அதே பக்கம் சுற்றினால் துணி தொய்ந்துபோகும். எதிர்ப்பக்கம் கால் சுற்று, அரைச் சுற்று சுற்றி, துணியைத் தட்டினால் மேளத்தோல் போல் நிற்கும்படி வையுங்கள். நடுவில் ஒரு முட்டுக்கம்பி கட்டாயம் வேண்டும். வண்டியில் துணி சுருளும் பெட்டிக்கும் முன்சட்டத்துக்கும் இடையில் நீட்டிப் பூட்டுகிற அலுமினியக் குழாய் அது, 3 மீட்டருக்கு ஒன்று போதும். துணியின் பக்க ஓரத்தை மடக்குக் கையோடு சேர்த்துக் கவ்வும் கிளிப்பைப் பக்கத்துக்கு இரண்டு மாட்டினால் படபடப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

ராட்செட் பெல்ட் போடலாம், ராட்செட்டால் இறுக்கக் கூடாது. அந்தப் பிடியை நாலு தரம் அடித்தாலே நூற்றுக்கணக்கான கிலோ இழுப்பு வரும், ஓனிங் கால் வளைந்துவிடும். 25 மி.மீ. அகலப் பெல்ட்டை முன்சட்டத்தில் காலுக்கு நேர் மேலே மாட்டுங்கள். சட்டத்தின் நடுவில் மாட்டினால் சட்டமே வளையும். பெல்ட்டுக்கும் முளைக்கும் இடையில் ஒரு ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங் ஒன்றிரண்டு செ.மீ. விரியும் அளவுக்கு இழுத்து நிறுத்துங்கள். வீச்சு வந்தால் அது இன்னும் கொஞ்சம் விரிந்து வெட்டு இழுப்பை வாங்கிக்கொள்ளும். ஓனிங் செய்யும் ஃபியாமா, தூலே இரண்டு கம்பெனியிலும் இந்தப் பெல்ட், ஸ்பிரிங், முளை மூன்றும் ஒரே பெட்டியாகக் கிடைக்கும். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தாலும் வேலை அதேதான்.

வண்டியை நிறுத்தும் திசையையும் கவனியுங்கள். ரொபினாவில் கடல் மேற்கே. இடப்பக்க ஓனிங் என்றால் வண்டி மூக்கை வடக்கே வைத்தால் துணி நேராகக் கடல்காற்றுக்கு வாய் திறந்து நிற்கும். தெற்கே திருப்பினால் வண்டியின் உடம்பே மறைப்பாகிவிடும். கூரையைத் தாண்டி வரும் காற்று கொஞ்சம் சுழன்று தூக்கும், ஆனாலும் நேரடி வீச்சோடு ஒப்பிட்டால் அது சொற்பம். கடலைப் பார்த்தபடி உட்கார ஆசைதான். காற்று ஏறும் நாளில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள், துணியைத் திருப்பி வைக்காதீர்கள்.

மணல்முளை

மணலுக்கு முளையே சரிப்படாது. நீளம் கூட்டினாலும் காய்ந்த மணல் பிடிக்காது. புதைத்துக் கட்டுவதுதான் வழி.

10 கிலோ அரிசிப் பை, நெய்த பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதில் மணல் நிரப்பினால் 20 கிலோ வரும். வாயை இறுக்கிக் கட்டி, பையின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். 45, 50 செ.மீ. ஆழக் குழியில் பையைப் படுக்கையாக, இழுப்புக்குக் குறுக்காக வையுங்கள். கயிறு வெளியே வருவதற்குக் குழியிலிருந்து மூலை நோக்கிச் சரிவாக ஒரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும். பலர் விடுவது இதைத்தான். வாய்க்கால் இல்லையென்றால் கயிறு நேர்மேலே கிளம்பி குழி ஓரத்தில் மடங்கும். முதல் வீச்சில் கயிறு மணலை அறுத்துக்கொண்டு நிமிரும், நீங்கள் இறுக்கியது அத்தனையும் தொய்ந்துபோகும். மூடும்போது அடியிலிருந்து வரும் ஈர மணலை முதலில் போட்டு, ஒவ்வொரு சாணுக்கும் காலால் மிதித்து இறுக்குங்கள். பை இல்லையென்றால் 60 செ.மீ. பலகைத் துண்டும் இதே வேலையைச் செய்யும்.

மூலையிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி, முன்னும் பக்கமுமாகக் கோணத்தில் புதையுங்கள். கிளம்பும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாருங்கள், குழியையும் மூடிவிடுங்கள். பிள்ளைகள் இருட்டில் ஓடுகிற இடம்.

பாலிக் புலாவ் புல்தரைக்குக் கட்டடக் கம்பி நல்லது. 12 மி.மீ. வரிக்கம்பி, 60 செ.மீ., தலையைக் கொக்கியாக வளைத்தது. தலை வண்டியைவிட்டு வெளிப்பக்கம் சாயும்படி அடித்து இறக்குங்கள். கம்பியும் பெல்ட்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் பிடிப்பு அதிகம். பெல்ட் போகும் திசையிலேயே சாய்த்து அடித்தால் வழுக்கி வந்துவிடும். தலையில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் குத்திவிடுங்கள், நடப்பவர் கால் தப்பிக்கும்.

சவுக்கு மரத்தில் கட்டாதீர்கள். மரம் ஆடும்போது முன்சட்டத்தையும் சேர்த்து ஆட்டும், காற்றில் கிளையும் முறிந்து விழும்.

தெலுக்_ஆயர்_தாவார்

வாய்க்கால் விஷயம் இதுவரை தெரியாது, நன்றி. தார்த் தரையில் என்ன செய்வது? தண்ணீர்க் கேன் தொங்கவிட்டால் போதுமா? இன்னொன்று, ராத்திரி விரித்தபடியே விட்டுத் தூங்கலாமா?

மணல்முளை

தொங்கவிடாதீர்கள். தொங்கும் கேன் ஊஞ்சலாடி காலைத்தான் இழுக்கும். தரையில் வைத்து, கைப்பிடியில் பெல்ட்டைக் கோத்து இறுக்குங்கள். 20 லிட்டர் கேன் 20 கிலோ. மேலே வடமேற்கு போட்ட கணக்குப்படி 36 கி.மீ. காற்றுக்குச் சரி, 72 வந்தால் கேனோடு தூக்கும். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைக்காரர்கள் 18 லிட்டர் சாய வாளியில் கொங்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு வளையக் கம்பியைப் புதைத்து வைத்திருப்பார்கள். அது 40 கிலோ. கேனைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனால் கேம்பர்வேனில் இரண்டு வாளி என்றால் 80 கிலோவைச் சும்மா சுமந்துகொண்டு திரிய வேண்டும். தாரில் முளை அடிக்கவே கூடாது, அது ஊராட்சியின் தரை. என் முடிவு இதுதான்: தாரில் கேன், பாதி விரிப்பு. 2.5 மீட்டருக்குப் பதில் 1.5 விரித்தால் துணி 4.5 சதுர மீட்டர்தான், பலமும் அதே விகிதத்தில் குறையும்.

வடமேற்கு

ராத்திரி விரித்தபடி விடவே விடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மேற்குக் கரையில் சுமத்ராக் காற்று அடிக்கும். மலாக்கா நீரிணையிலும் சுமத்ரா பக்கமும் இரவில் வரிசையாக இடிமேகம் திரண்டு, கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்னோ அதிகாலையிலோ நம் கரையைத் தொடும். வீச்சு மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை போகும். எல்லாரும் ஆழ்ந்து தூங்குகிற நேரம். மேகத்தின் முன்விளிம்பு தலைக்கு மேல் வந்ததும் காற்று சட்டென்று குளிர்ந்து, சில நிமிடத்தில் முழு வேகத்தில் இறங்கும். அப்போது எழுந்து பெல்ட்டைக் கழற்ற நேரம் இருக்காது. பெல்ட், முளை, பை எல்லாம் சாதாரணக் கடல்காற்றுக்கும், காற்று ஏறும்போது சுருட்டுவதற்கு அவகாசம் வாங்கவும்தான். சுமத்ராக் காற்றை எதிர்த்து நிற்க இந்த ஓனிங்கைச் செய்யவில்லை, இது வெயில்துணி.

பகலில் கடலைப் பாருங்கள். அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் பெல்ட்டுகளைச் சரிபாருங்கள். கடல் முழுக்க நுரை பரவி, சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் சுருட்டுங்கள். வானிலை ஆய்வுத் துறை விடும் இடிமழை எச்சரிக்கை ஒரு தடவைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. அதனால் மாலையில் பார்த்ததை வைத்து விடியலை முடிவு செய்ய முடியாது.

சுருட்டும் வரிசையும் முக்கியம். ஒருவர் முன்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்த பிறகுதான் மற்றவர் கிளிப்பையும் முட்டுக்கம்பியையும் எடுக்க வேண்டும். காற்று வராத பக்கத்துப் பெல்ட் முதலில், காற்று வரும் பக்கத்துப் பெல்ட் கடைசியில். கால்களைத் தரையைவிட்டுத் தூக்கி, சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டே ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும்வரை சுற்றுங்கள், பிறகு காலை மடக்குங்கள். முழு நீளத்தில் நிற்கும்போதே காலை மடக்கினால், ஒரே வீச்சில் முழுத் துணியும் கூரைக்கு மேல் புரண்டு விழும்.

போல்ட்_நட்

எல்லாரும் முன்பக்கத்தையே பார்க்கிறீர்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். முளை நன்றாகப் பிடித்தால் அந்தப் பலம் ஓனிங்கை வண்டியோடு பூட்டும் பிடிமானத்துக்குத்தான் போகும். 3 பிடிமானமும் எதில் நிற்கிறது? கூரைத் தகட்டில் வெறும் தகட்டு ஸ்குரு என்றால், அது ஆடி ஆடி ஓட்டையைப் பெரிதாக்கும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். எம்8 (8 மி.மீ.) போல்ட், உள்பக்கம் கை அகல இரும்புத் தகடு, தளராத நைலான் நட். போல்ட்டைச் சுற்றி நெகிழ்வான பாலியுரித்தேன் சீலண்ட். சாதாரண சிலிக்கான் நாளடைவில் விட்டுவிடும்.

கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு 316 தரத் துருப்பிடிக்கா எஃகு வாங்குங்கள். அதுவும் அலுமினியத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். இடையில் நைலான் வாஷர் வையுங்கள். ஒவ்வொரு கடல் பயணத்துக்குப் பிறகும் மடக்குக் கையின் மூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே. எண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு மூட்டை அரைக்கும்.

அவசரத்தில் நனைந்தபடி சுருட்டியதை அடுத்த நாளே விரித்துக் காய வையுங்கள். பிவிசி தண்ணீர் குடிக்காது, ஆனால் தையல் நூல் குடிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கரும்புள்ளி தையல் ஓரத்தில்தான் முதலில் கிளம்பும், அங்கே வந்துவிட்டால் தேய்த்தாலும் போகாது.