பழைய வண்டி: ஸ்டீயரிங் காலம் (column) மாற்றியதும் சுற்றுக்கு இரண்டு முறை இறுகுகிறது

கேள்வி:
வணக்கம். 1960களின் வண்டி. ஒரே கம்பியாக ஸ்டீயரிங் பாக்ஸ் (சக்கரங்களைத் திருப்பும் கியர்ப் பெட்டி) வரை போகும் பழைய தண்டுக்குப் பதில் டில்ட் (சாய்வை மாற்றக்கூடிய) ஸ்டீயரிங் காலம், நடுவில் ஒரு ஷாஃப்ட், இரண்டு யூ-ஜாயின்ட் (இரண்டு கவைகளை ஒரு சிலுவைத் துண்டால் இணைக்கும் மடியும் மூட்டு) போட்டாயிற்று. மடிப்பு மேல் ஜாயின்டில் 20 டிகிரி, கீழே 38. ஷாஃப்டின் மேல்முனை 3/4 இஞ்ச் டிடி (எதிரெதிரே இரு பக்கம் தட்டையான முனை), கீழ்முனை 36 பல் ஸ்ப்ளைன் (சுற்றிலும் பல் வெட்டிய முனை). ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இறுகி இரண்டு முறை லேசாகிறது. போதாததற்கு ஒரு இடத்தில் 'டக்'கென்று பிடிக்கிறது. பாக்ஸைப் பிரிக்க வேண்டுமா?

பதில் 1:
பாக்ஸில் இப்போதைக்குக் கை வைக்காதீங்க. முன்சக்கரங்களைத் தூக்கி, கீழ் ஜாயின்டைக் கழற்றி, பாக்ஸின் தண்டை மட்டும் சுற்றிப் பாருங்க. சக்கரம் நேராக நிற்கும் இடத்தில் மட்டும் சற்று இறுகினால் அது பாக்ஸின் இயல்பு.

சுற்றுக்கு இரண்டு முறை என்றாலே ஜாயின்ட்தான். மடிந்து நிற்கும் யூ-ஜாயின்ட் சீராகச் சுற்றாது. நடு ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள ஃபோர்க்குகள் (ஜாயின்டின் கவைகள்) ஒரே தளத்தில் நின்றால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது கழிக்கும். உங்கள் கோணங்களில் ஃபோர்க்குகள் 90 டிகிரி திரும்பியிருந்தால் பாக்ஸ் தண்டுக்கும் ஸ்டீயரிங் வீலுக்கும் உள்ள வேக விகிதம் 0.74 முதல் 1.35 வரை ஆடும். சரியாக நின்றால் 0.84 முதல் 1.19தான். டிடி முனையில் தப்பு நடக்க வாய்ப்பில்லை. 36 பல்லில் ஒரு பல் 10 டிகிரி, ஆகவே தவறுதலாக 9 பல் தள்ளிப் போட்டிருந்தாலே அந்த 90 டிகிரி வந்துவிடும்.

பதில் 2:
சின்னத் திருத்தம். பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலிருந்து பார்த்தாலும் மடிப்பு இருந்தால், அந்த இரண்டு மடிப்புத் தளங்களுக்கு இடையே உள்ள கோணத்துக்கு ஃபோர்க்கையும் திருப்பணும். கண்ணுக்கு நேராக வைத்தால் போதாது.

'டக்' வேறு பிரச்சினை. ஷாஃப்ட் முனை யோக்கின் (ஃபோர்க்கின்) உள்விளிம்பைத் தாண்டி நடுச் சிலுவையில் இடிக்கிறதா என்று பாருங்க. முனையில் பளபளவென்று ஒரு கீறல் தெரியும். உள்விளிம்போடு மட்டமாக நிற்கும்படி அறுத்துவிடுங்க.

கேட்டவர்:
கீறல் இருக்கு! ஸ்ப்ளைன் 9 பல் தள்ளியே இருந்தது. ஆனால் அந்த 38 டிகிரி?

பதில் 1:
அதை விடக் கூடாது. ஒற்றை ஜாயின்டுக்குப் பொதுவாக 35தான் உச்சம், 30க்குள் இருந்தால் நிம்மதி. முதலில் ஸ்டீயரிங் காலத்தின் அடிமுனையை நகர்த்தி இரு கோணமும் சமமாகுமா என்று பாருங்க. இல்லையென்றால் மூன்றாவது ஜாயின்ட். அப்போது நடு ஷாஃப்டுகளில் ஒன்றைச் சட்டத்தோடு பிடிக்கும் ராட் எண்ட் பேரிங் (ஷாஃப்ட் நடுவே சுற்றும்படி தாங்கும் வளையம்) கட்டாயம். அது இல்லாவிட்டால் ஷாஃப்ட் தொங்கி ஆடும். மூன்று ஜாயின்டின் ஃபோர்க் வரிசையையும் மறுபடி சரிபார்க்கணும்.

டிடி முனையில் செட் ஸ்க்ரூ (ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கும் திருகு) உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் சிறு குழி துளைத்து, நீல நிற திரெட் லாக்கர் (திருகு தளராமல் ஒட்டும் பசை) விட்டு, மேலே லாக் நட். ஷாஃப்ட் சைலன்சர் பைப்பை உரசாமல் இருக்கணும். எஞ்சின் ஆடும்போதும்தான்.