வெர்ஷன் மேனேஜர்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். லினக்ஸ் ஆய்வகக் குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரே கணினியில் பைத்தான் நிரல்மொழியின் 3.9, 3.12 பதிப்புகள் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வது எப்படி என்பது பாடம். 'வெர்ஷன் மேனேஜர்' என்பதற்குப் 'பதிப்பு மேலாளர்' என்று போட்டேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு மாணவர், நிரலில் செய்த மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டார். 'வர்ச்சுவல் என்விரான்மென்ட்' மெய்நிகர் சூழல்தான், சிக்கலில்லை. 'ஷிம்' என்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.
– மா.

---

மா. அம்மா, 'பல்பதிப்பு ஆளி' என்க. ஆள் + இ. ஈழத்துப் பாடநூல்களில் மின்சுவிட்சுக்கு ஆளி என்றே வரும். மேலாளர் ஓர் ஆள். இது கருவி, அர் விகுதி ஆகாது. லகரம் திரிந்து 'பற்பதிப்பு' என்றாலும் வழுவில்லை.
– கு.

---

> 'பற்பதிப்பு' என்றாலும் வழுவில்லை

பல் மருத்துவர் கடிக்கச் சொல்லி அச்செடுப்பாரே, அதுதானே ஐயா? ஆளியும் சங்கப் பாட்டில் யானையை அடிக்கும் விலங்கு. மாணவர் 'வெர்ஷன் மேனேஜர்' என்றுதான் தேடப்போகிறார். தமிழ் எழுத்தில் அதையே போட்டுவிட்டுப் பாடத்தைப் பார்க்கலாம்.
– இ.

---

நான் 'பதிப்பு மாற்றி' என்று எழுத வந்தேன், எழுதவில்லை. மாற்றி என்றால் 3.9-ஐ 3.12 ஆக்குவது போலிருக்கிறது. இங்கே எதுவும் மாறுவதில்லை. இரண்டும் வட்டில் அப்படியே கிடக்கின்றன. 'பைத்தான்' என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. அந்த வேலையைக் காட்டும் சொல் வேண்டும்.

மா. அம்மா சிக்கலில்லை என்ற இடத்தில்தான் எனக்குச் சிக்கல். அந்தச் சூழலை உருவாக்கும் வீஎன்வ் பைத்தான் 3.3 முதல் கூடவே வருகிறது. எந்தப் பைத்தானைக் கொண்டு அதை உருவாக்கினோமோ அதுவேதான் உள்ளேயும் ஓடும். பிரிவது நிறுவிய தொகுப்புகள் மட்டும். 'மெய்நிகர்' என்றதும் மெய்நிகர் எந்திரம் நினைவுக்கு வந்து, எவ்வளவு ரேம் ஒதுக்கவேண்டும் என்று கேட்பார்கள். 'தனிச்சூழல்' போதும்.

டெபியன் லினக்ஸின் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் இன்னொரு வகை. அது கணினி முழுவதற்கும் சிம்லிங்க்கை, அதாவது வேறொரு கோப்பைக் காட்டும் இணைப்பை, திருப்பிவிடும். ஜாவாவுக்கு நல்லது. பைத்தான்3-ஐ அதில் திருப்பினால், 'ஆப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லை' என்று டிஸ்ட்ரோவின் (நிறுவிய லினக்ஸ் வெளியீட்டின்) சொந்தக் கருவிகளே விழும். அந்த மாட்யூல் டிஸ்ட்ரோவின் பைத்தானுக்கென்று தொகுத்தது. மூன்றுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் கைவைக்கக்கூடாத இடத்தில் கைவைப்பார்.
– செ.

---

செ. அவர்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. பெயர் எதைக் குறிக்கிறது என்பது சுட்டு! பைத்தானுக்கான வெர்ஷன் மேனேஜர் பைஎன்வ். அது முதலில் ஷெல்லில் (கட்டளை தட்டும் இடத்தில்) சொன்னதைப் பார்க்கிறது, அடுத்து அடைவிலுள்ள பைத்தான்-வெர்ஷன் கோப்பை, கடைசியாக குளோபலை, அதாவது பொதுவாகக் குறித்துவைத்த பதிப்பை. அண்மை, இடைமை, சேய்மை. இ, உ, அ! இப்பைத்தான், உப்பைத்தான், அப்பைத்தான். உகரச் சுட்டு நம்மில் பலரிடம் வழக்கொழிந்தது. ஈழத்தில் 'உது', 'உவன்' இன்றும் பேச்சில் உண்டு. மீட்டெடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. கருவிக்குப் பெயர்: பதிப்புச் சுட்டி.
– கு.

---

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுட்டி என்றால் மவுஸ். உப்பைத்தான் என்றால் உப்பை.
– இ.

---

'பதிப்புத் தெரிவி'?
– வ.

---

தெரிவி என்றால் அறிவி. பதிப்பைத் தெரிவிப்பது 'பைத்தான் --வெர்ஷன்' என்ற கட்டளை. 'பதிப்புத் தேர்வி' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

ஷிம் பற்றி: பைஎன்வ் தன் ஷிம்ஸ் அடைவைப் பாத்தின் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) முன்னால் வைக்கிறது. பைத்தான் என்று தட்டினால் முதலில் அகப்படுவது அங்குள்ள சிறு நிரல். எந்தப் பதிப்பு என்று பார்த்து உண்மையான பைத்தானிடம் அதுவே ஒப்படைக்கும். பைத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்கும் 'விச் பைத்தான்' கொடுத்தால் ஷிம்ஸ் பாதை வருவது இதனால்தான். நேர்ச்சொல் ஆப்பு. ஆனால் 'உங்கள் பைத்தானுக்கு ஆப்பு வைக்கப்பட்டது' என்று பாடக்குறிப்பில் எழுத எனக்குத் துணிவில்லை.
– செ.

---

ஆடும் மேசைக்காலுக்கு அண்டை கொடுப்போமே. 'அண்டை' ஆகாதா?
– வ.

---

அண்டை தாங்கும், ஒப்படைக்காது. விட்டுவிடுங்கள், ஷிம் ஷிம்மாகவே இருக்கட்டும்.
– இ.

---

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தில் இருமுறை கேட்டுவிட்டார்கள். பதிப்புத் தேர்வி, தனிச்சூழல், ஷிம் என்று போடுகிறேன். பைஎன்வ், வீஎன்வ், அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் மூன்றும் தனித்தனிப் பத்தியில். தேர்வி வரும் முதல் இடத்தில் மட்டும் 'அதாவது வெர்ஷன் மேனேஜர்' என்று இ. தம்பிக்காக ஒரு வரி. சுட்டுகள் இந்தமுறை இல்லை, கு. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.
– மா.

---

பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் 'தேர்வி' பிழை. செய்வி போல வி இங்கே பிறவினை விகுதி. தேரச்செய் என்று ஏவுகிறது. வினைமுதல் இகரம் சேர்ந்தால் 'தேரி'.
– கு.

---

தேர்வு + இ = தேர்வி. பெயர்மேல் இகரம் ஏறக்கூடாது என்று எங்கே இருக்கிறது ஐயா?
– வ.

---

தனி இழையில் எழுதுகிறேன்.
– கு.