எட்டாம் வகுப்புப் பையனுக்கு பேட்டரி சைக்கிள்: வாங்கலாமா, கூடாதா?

மடிப்பாக்கத்துக்காரி:
மகனுக்கு 13 வயது. வீடு மடிப்பாக்கம், டியூஷன் வேளச்சேரி. பேட்டரி சைக்கிள் கேட்டு ஒரு மாதமாக நச்சரிக்கிறான். கடைக்காரர் "லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், வயசு வரம்பே கிடையாது, தைரியமா எடுங்க மேடம்" என்கிறார். வீட்டுக்காரர் கூடவே கூடாது என்கிறார். ஷேர் ஆட்டோ விளிம்பில் உட்கார்ந்து போவதைவிட இது மேல்தானே?

தண்ணிலாரிக்குப்பயந்தவன்:
உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். போன வாரம் மேடவாக்கம் ரோட்டில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிச் சீருடையில் ஒரு பையன், கேரியரில் இன்னொருவன். மிதிக்கவே இல்லை, த்ராட்டிலை (பைக் போல கைப்பிடியில் முறுக்கும் ஆக்ஸிலரேட்டர்) முறுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் வந்தான். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடிய இடத்தில் ஜல்லி கிடந்தது. முன் பிரேக்கை மட்டும் பிடித்தான், வழுக்கிவிட்டது. விழுந்த பிறகும் கை த்ராட்டிலை விடவில்லை. சைக்கிள் படுத்துக் கிடக்கிறது, பின் சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றுகிறது. முழங்கை சிராய்ப்போடு போனது அவன் அதிர்ஷ்டம். பின்னால் லாரி வந்திருந்தால்?

ஓஎம்ஆர்_மிதிவண்டி:
சார், நீங்கள் பார்த்தது எதிர்த்திசை, டபுள்ஸ், ஜல்லி. இந்த மூன்றும் சாதா சைக்கிளிலும் விழவைக்கும். அரசே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு இதே ரோட்டில்தான் போகிறார்கள். அதற்காக யாரும் வழக்குப் போடவில்லையே.

மேடம், கடைக்காரர் சொன்னது பாதி சரி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. மூன்றில் ஒன்று மீறினாலும் கதை வேறு. பில்லில் வாட் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும் வகையாக வாங்கினால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. என் மகள் ஓட்டுகிறாள்.

தண்ணிலாரிக்குப்பயந்தவன்:
அங்கேதான் இடிக்கிறது. விதி வண்டியை எடை போடுகிறது, ஓட்டுகிறவனைப் போடவில்லை. 14 வயது ஆகாமல் இதைத் தொடக்கூடாது என்று பிரிட்டனில் சட்டமே இருக்கிறது. அங்கேயும் இதே 250 வாட், கிட்டத்தட்ட இதே வேகம்தான். நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளையைக் கூட ஏற்றிவிடலாம், கேட்க நாதியில்லை. வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_மிதிவண்டி:
14தான் கணக்கென்றால் மேடத்தின் மகனுக்கு ஒரு வருடம்தான் பாக்கி. பிறந்தநாள் வந்ததும் விஜயநகர் சிக்னல் காலியாகிவிடுமா?

பஞ்சர்கடை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பேட்டரி சைக்கிள் சர்வீஸ் செய்கிறேன். புது வண்டி எடுத்த பையன்கள் ரெண்டாவது வாரமே வந்து "அண்ணா, லிமிட் ஒயரைப் பிரிச்சு விடுங்க" என்பார்கள். வேகத்தை 25-இல் நிறுத்தி வைக்கும் ஒயர் அது. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிகள் பலவற்றில் அது ஒரு சின்ன இணைப்பு, கழற்ற ஒரு நிமிடம் ஆகாது. நான் செய்வதில்லை. வேறு எங்கேயாவது செய்துகொள்வார்கள், வீடியோ பார்த்துத் தானாகவும் செய்வார்கள். சில வண்டிகள் அப்புறம் 40 வரை போகும். பிரேக் பிடித்த பிறகு 25-இல் நிற்க ஆகும் தூரத்தைப் போல இரண்டரை மடங்கு 40-இல் ஆகும். பிரேக் அதே பழைய பிரேக்.

சார் பார்த்த விழுந்த வண்டி விஷயம்: பிரேக் லீவரைப் பிடித்தால் மோட்டார் கட் ஆக ஒரு ஒயர் உண்டு. லீவரை விட்டுவிட்டு த்ராட்டிலைப் பிடித்திருந்தால் சக்கரம் சுற்றத்தான் செய்யும்.

மடிப்பாக்கத்துக்காரி:
ஒயரைப் பிரித்துவிட்டான் என்றால் எனக்கு எப்படித் தெரியும்?

பஞ்சர்கடை:
அக்கா, டிஸ்ப்ளேயை மட்டும் நம்பாதீர்கள். நேரான காலி ரோட்டில் நீங்களே ஓட்டுங்கள், போனில் ஜிபிஎஸ் வேகம் பாருங்கள். 25 தாண்டி மோட்டார் இழுத்தால் கை வைத்திருக்கிறான்.

தண்ணிலாரிக்குப்பயந்தவன்:
அப்படிக் கை வைத்த வண்டி சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிடும், அதைக் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு: சிறுவன் ஓட்டித் தவறு செய்தால் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் இங்கே கேட்டுவிட்டீர்களே! (சும்மா சொன்னேன்.) இன்ஷூரன்ஸும் இல்லை. நடந்துபோகும் பாட்டியை இடித்தால் ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில்தான்.

ஓஎம்ஆர்_மிதிவண்டி:
ஒயர் விஷயத்தில் சாரோடு ஒத்துப்போகிறேன். அதற்காக வண்டியே வேண்டாம் என்பது பேனுக்குப் பயந்து மொட்டை அடிப்பது போல. த்ராட்டில் இல்லாத மாடல் எடுங்கள்.

மடிப்பாக்கத்துக்காரி:
வீட்டில் பேசினோம். த்ராட்டில் இல்லை என்றதும் "அப்போ எனக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். இப்போது சாதா சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார் அவன் அப்பா.