ஆர் மொழியில் எண்ணாக மாறாத மகசூல் பத்தி: உதவி தேவை

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எட்டு ஊர்களின் குறுவை நெல் மகசூல் கணக்கை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஏற்றினேன், மொத்தம் 412 வரிகள். ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற பத்தி (நெடுவரிசை) மட்டும் முழுதாக எண்ணாக மாறவில்லை. மூன்று நாளாக இதே வேலை.

என்னிடம் இருப்பது பழைய 3.6.3 பதிப்பு, விண்டோஸ் 7. கோப்பை ஏற்றும் ரீட்.சிஎஸ்வி கட்டளை அந்தப் பத்தியை எண்ணாக அல்லாமல் ஃபேக்டராக, அதாவது வகைப் பெயர்களின் பட்டியலாக, எடுத்துக்கொண்டது. நேரே எண்ணாக மாற்றும் ஆஸ்.நியூமரிக் போட்டேன், 2,250 இருந்த இடத்தில் 38 என்று வந்தது. அது மகசூல் இல்லை, ஃபேக்டர் உள்ளுக்குள் வைத்திருக்கும் வரிசை எண் என்று பிறகுதான் புரிந்தது. அதற்குள் அதே பெயரில் மாற்றி எழுதிவிட்டதால் கோப்பை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. இப்போது புதுப் பெயரில்தான் மாற்றுகிறேன்.

அப்புறம் முதலில் எழுத்தாக மாற்றும் ஆஸ்.கேரக்டர், பிறகு ஜிசப் வைத்துக் காற்புள்ளியை நீக்கி, கடைசியில் ஆஸ்.நியூமரிக் போட்டேன். பெரும்பாலானவை சரியாகிவிட்டன. வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டிய 29 வரிகள் மட்டும் என்ஏ, அதாவது மதிப்பு இல்லை என்று வருகின்றன. ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் ட்ரிம்டபிள்யூஎஸ் போட்டும் தீரவில்லை. கண்ணுக்கு 2250 என்று நான்கு இலக்கம்தான் தெரிகிறது. எழுத்துகளை எண்ணும் என்கேர் 5 என்கிறது. விவசாயிகள் களத்தில் நின்று சொன்ன எண்கள் இவை, ஒன்றையும் விட மனமில்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஐந்தாவது எழுத்து எது என்று கண்டுபிடித்து நீக்க என்ன கட்டளை கொடுக்க வேண்டும்?