மன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டால் எது மாறுகிறது?

திருப்பாதிரிப்புலியூர் வாசி:
அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாநகராட்சியின் சென்ற மாதக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறியதாக எங்கள் வார்டு உறுப்பினர் தெரிவித்தார். ஒன்று, எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டுவது பற்றியது. மற்றொன்று, நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் வேகத்தடை அமைக்கக் கோருவது. இரண்டுக்கும் ஒரே மதிப்புதானா? வடிகால் வேலை இனி உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற எழுத்தர்:
ஐயா, தீர்மானத்தின் கடைசி வரியைப் பாருங்கள். 'மன்றம் அனுமதிக்கிறது' என்று முடிந்தால், அது மன்றம் தன் அதிகாரத்தையும் நிதியையும் வைத்து எடுத்த முடிவு. 'கேட்டுக்கொள்கிறது' என்று முடிந்தால், அது பிறருக்கு அனுப்பும் கோரிக்கை மட்டுமே. வேகத்தடைத் தீர்மானம் இரண்டாம் வகை; சாலைக்குரிய துறை இசைந்தால்தான் நடக்கும்.

வடிகால் முதல் வகை என்றாலும், கை தூக்கிய மறுநாளே பள்ளம் தோண்ட மாட்டார்கள். பொறியியல் பிரிவு மதிப்பீடு தயாரிக்கும். அது அலுவலகக் குறிப்புடன் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்' என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாக வரும். நிறைவேறியதும் எண்ணும் தேதியும் இட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும். அதைச் செயல்படுத்தும் பொறுப்பு ஆணையருடையது. அதன்பின் தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), பணி ஆணை என்று கோப்பு நகரும். சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

நான் பணியில் இருந்த ஊரில் அறுபது, எழுபது பொருள்களை ஒரே மூச்சில் 'ஆல் பாஸ்' என்று முடித்த கூட்டங்களும் உண்டு. சட்டப்படி அவையும் தீர்மானங்களே. ஆனால் எந்தப் பொருளின்மீதும் ஒரு கேள்விகூட எழாத கூட்டத்தை மன்றக் கூட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முத்தியால்பேட்டை நண்பர்:
கோரிக்கைத் தீர்மானத்தின் எல்லையை எங்கள் புதுச்சேரியில் நன்றாகவே பார்க்கலாம். மாநில அந்தஸ்து வேண்டும் என்று எங்கள் சட்டப்பேரவை பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. புதிய மாநிலத்தை உருவாக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி நாடாளுமன்றத்திடம் இருப்பதால், அத்தனைக்குப் பிறகும் இது ஒன்றியப் பிரதேசமாகவே இருக்கிறது. அதற்காக அவற்றை வெறும் காகிதம் என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளிக்கு எங்கள் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற ஊரில் கூடி வாக்களித்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தெரிவித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறிவிட்டது. ஆனால் ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்றுதான் கையெழுத்தானது; பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் கிடைத்து, சட்டப்படியான இணைப்பு நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. நிர்வாகம் மாற இரண்டே வாரம். சட்ட உரிமை மாற ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசி:
இருவருக்கும் நன்றி. தீர்மான நகல் கைக்கு வந்துவிட்டது. வடிகால் பற்றிய பொருளின் கடைசியில் 'பின்னேற்பு வழங்கலாம்' என்று இருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?

ஓய்வுபெற்ற எழுத்தர்:
அப்படியானால் அந்தத் தீர்மானம் இனிச் செய்யப்போகும் வேலைக்கு அனுமதி கேட்கவில்லை. அவசரம் கருதி முன்பே எடுத்த ஒரு நடவடிக்கைக்குப் பிறகு மன்றத்தின் ஒப்புதலைக் கேட்கிறது. எந்த நடவடிக்கை என்பது அதே பொருளின் முதல் பத்தியில் இருக்கும்: மதிப்பீட்டுக்குத் தந்த அனுமதியாக இருக்கலாம், ஒப்பந்தப்புள்ளி கோரியதாக இருக்கலாம், ஏற்கெனவே முடிந்த தூர்வாரலாகவும் இருக்கலாம். தூர்வாரல் என்றால் புதிய வடிகாலுக்கு இன்னும் தீர்மானமே வரவில்லை என்று அர்த்தம். தீர்மான எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, பணி ஆணை வழங்கப்பட்டுவிட்டதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள்.