"வணக்கம்… சத்தம் பத்தலையே!" இது தேவையா?

பின்பெஞ்சு: போன வாரம் ஒரு கல்லூரி விழா. சாப்பாடு முடிந்து மதியம் இரண்டரை மணி. பேச வந்தவர் "வணக்கம்" என்றார். சொன்னோம். "சத்தம் பத்தலையே, சாப்பிடலையா?" மறுபடி சொன்னோம். மூன்றாம் தடவையும் கேட்டார். அப்புறம் கையைத் தூக்கு, பக்கத்து ஆளோடு கை குலுக்கு. பத்து நிமிடம் போச்சு. அதன்பின் என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விஷயம் இருப்பவருக்கு இந்த வித்தை எதற்கு?

மைக்செட்காரன்: மேடை ஓரத்தில் நின்று கூட்டத்தைப் பார்ப்பதுதான் தம்பி என் பிழைப்பு. விஷயம் உள்ளவர் தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தால் போதும், பின்வரிசையிலிருந்து செல்போன் வெளிச்சம் ஒவ்வொன்றாக முளைக்கும். கூட்டம் வாயைத் திறந்தால்தான் காதும் திறக்கும். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுவது சும்மாவா?

பின்பெஞ்சு: அண்ணே, அங்கே ஆமா போடுவது பின்பாட்டுக்காரர். "ராசா வேட்டைக்குப் போனாராம்." "ஆமா." "போன இடத்துல என்ன கண்டாராம்?" "என்ன கண்டாராம்?" நாம் கேட்க நினைத்ததை அவர் கேட்கிறார், கதை நகர்கிறது. இங்கே வணக்கத்தைத் தாண்டவே இல்லையே!

திண்ணைப்பேச்சு: நடுவில் வருகிறேன். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன். லிங்கன் நினைவகத்தின் முன்னால் சுமார் இரண்டரை லட்சம் பேர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டார். உலகம் நினைவில் வைத்திருக்கும் "எனக்கொரு கனவு உண்டு" என்ற பகுதி அந்தத் தாளில் இல்லை. கூட்டத்தை அவர் கத்தச் சொல்லவில்லை, பக்கத்திலிருந்து வந்த குரலைக் காதில் வாங்கினார். ஆனால் அது திடீரென்று முளைத்ததும் இல்லை. ஜூன் மாதமே டெட்ராய்டில் அந்தக் கனவைப் பேசியிருந்தார்.

மைக்செட்காரன்: அவர் பாதிரியார். அவர்கள் சபையில் பிரசங்கத்துக்கு நடுவே குரல் கொடுப்பது வழக்கம். நம் பிள்ளைகள் பன்னிரண்டு வருடம் "வாயை மூடு" கேட்டு வளர்ந்தவர்கள். யாராவது தொடங்கி வைக்க வேண்டாமா?

பின்பெஞ்சு: சரி, ஒரு தடவை வணக்கம் கேட்கட்டும். மூன்று தடவை எதற்கு?

மைக்செட்காரன்: மேடையில் அவர் தலைக்குப் பின்னால் பெரிய ஃபேன் இரண்டு ஓடியிருக்கும். நிஜமாகவே கேட்டிருக்காது தம்பி.